தீர்ப்புக்கு முன்பே வாசிப்பவர்கள்: கும்பகோணத்து வாடகை நூலகம் ஒன்றின் நெடும்பட்டியல் பருவம்

ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட புனைகதைக்கு வழங்கப்படும் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல், அதாவது நடுவர்களின் முதல்கட்டத் தேர்வு, வெளியாகும் நாளுக்கும் பரிசு அறிவிக்கப்படும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மாதங்கள் இருக்கின்றன. அந்த மூன்று மாதங்களைச் சந்தா வாங்கிக்கொண்டு ஒரு வாசிப்புப் பருவமாக நடத்தும் வாடகை நூலகம் ஒன்று கும்பகோணத்தில், மகாமகக் குளத்திலிருந்து நடக்கும் தொலைவில், ஒரு மாடியில் இருக்கிறது. பாராட்டோடு குறைகளையும் சொல்லவிருப்பதாலும், நடத்துபவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதாலும் பெயரைத் தவிர்க்கிறேன். டெல்டாவில் ஆங்கிலப் புனைகதையை வாடகைக்கு எடுத்துப் படிப்பவர்கள் மிகச் சிலரே என்பதால் யாருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது. இந்த மதிப்புரை பெரும்பாலும் 2025ஆம் ஆண்டுப் பருவத்தை வைத்து எழுதப்படுகிறது.

ஏற்பாடு எளிமையானது. பருவம் முழுவதற்கும் ஒரே சந்தா. அதோடு திருப்பித் தரப்படும் முன்பணம். பட்டியலில் உள்ள நூல்களில் கிடைப்பவற்றை நூலகம் வாங்கி, சந்தாதாரர்களிடையே சுற்றுக்கு விடுகிறது. மெலிந்த நூலுக்கு ஒரு வாரமும் தடித்த நூலுக்குப் பத்து நாளும் கெடு. ஒவ்வொரு நூலுக்கும் பள்ளிப்பிள்ளைகளின் நோட்டுக்குப் போடுவது போலப் பழுப்புக் காகித அட்டை போட்டுவிடுகிறார்கள். பின்னட்டையில் அச்சாகியிருக்கும் புகழுரைகள் கண்ணில் படக்கூடாது என்பது நோக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு கோடிட்ட தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. படித்து முடித்தவர் அதில் தன் பெயரை எழுதாமல், எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது என்பதை மட்டும் குறிக்க வேண்டும். நான்கைந்து பேரின் கை மாறிய நூலில் அந்தத் தாளைப் பார்ப்பதே தனிச் சுவாரசியம். வெவ்வேறு மனிதர்கள் ஒரே பக்கத்தில் அலுத்துப்போயிருப்பது தெரிந்தால், அந்த நூலின் அமர்வு அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறது.

அமர்வுகள் ஞாயிறு மாலைகளில். 2025இல் நெடும்பட்டியல் பிப்ரவரி 25ஆம் நாளும், ஆறு நூல்கள் கொண்ட குறும்பட்டியல் ஏப்ரல் 8ஆம் நாளும், பரிசு மே 20ஆம் நாளும் அறிவிக்கப்பட்டன. சரியாக ஆறு வாரம், அதற்குப் பின் இன்னும் ஆறு வாரம். டெல்டாவுக்கு இந்தக் காலக்கணக்கு வாய்ப்பாக அமைந்துவிடுகிறது. சம்பா அறுவடை முடிந்து, நெல் தரிசில் உளுந்தும் பயறும் நிற்கும் காலத்தில் தொடங்கி, ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்ற பேச்சு எழும் நேரத்தில் பருவம் முடிந்துவிடுகிறது. சந்தாதாரர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் பலர் என்பதால் இது சின்ன விஷயமல்ல. குறுவை நாற்றங்கால் வேலை நடக்கும்போது இதே திட்டத்தை வைத்திருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சேவையின் உயிர் அதன் ஒரு விதியில் இருக்கிறது. குறும்பட்டியல் வெளியாவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சந்தாதாரர்கள் தங்கள் வரிசையைத் தாங்களே முடிவு செய்து தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். அதன் பிறகு நடுவர்கள் என்ன சொன்னாலும் அதைத் திருத்தக் கூடாது. பட்டியலில் பாதிக்கும் குறைவாக வாசித்தவருக்கு வாக்கு இல்லை. கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றினாலும், வாசகர் கூட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். பொதுவாக நம் ஊர்களில் பரிசு அறிவிக்கப்பட்ட மறுநாள்தான் அந்த நூலைத் தேடுகிறோம். பரிசு பெற்றுவிட்டதால் அது நல்ல நூலாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வாசித்து, பிடிக்காவிட்டால் குறை நம்முடையது என்று கருதி மௌனமாகிவிடுகிறோம். இங்கே அந்த வசதி கிடையாது. பதின்மூன்று நூல்கள் முன்னே கிடக்கின்றன. அவற்றில் எது மேல் என்று எவரும் இன்னும் சொல்லவில்லை. நாமேதான் சொல்லியாக வேண்டும்.

2025இன் பட்டியல் அப்படிச் சொல்வதற்குக் கடினமான பட்டியல். பத்து மொழிகளிலிருந்து பதின்மூன்று நூல்கள். ஒரு பக்கம் அறுநூறு பக்கங்களைத் தாண்டும் ருமேனிய நாவலான மிர்ச்சா கர்தரெஸ்குவின் 'சொலனாய்ட்', மறுபக்கம் ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய ஜப்பானியக் குறுநாவலான சாவோ இச்சிகாவாவின் 'ஹன்ச்பேக்'. இவற்றை ஒரே தராசில் நிறுப்பது நியாயமா என்ற கேள்வி முதல் அமர்விலேயே எழுந்தது. நடத்துபவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அமர்வின் முதல் பாதியில் அவர் வாய் திறப்பதில்லை என்பது இன்னொரு விதி. புத்தக வியாபாரி ஒருவர் அந்த அளவு அடக்கத்தோடு உட்கார்ந்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தப் பருவத்தின் சிறந்த அமர்வு, பிரெஞ்சு எழுத்தாளர் வின்சென்ட் டெலக்ராவின் 'ஸ்மால் போட்' நாவலுக்கு நடந்தது. 2021 நவம்பரில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்ற அகதிகளின் ரப்பர் படகு மூழ்கிக் குறைந்தது 27 பேர் இறந்த உண்மை நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு எழுதப்பட்ட கதை அது. படகிலிருந்து மீண்டும் மீண்டும் வந்த அழைப்புகளை எடுத்த பிரெஞ்சுக் கடலோரக் கண்காணிப்பு நிலையத்துப் பெண்ணே கதைசொல்லி. படகு பிரெஞ்சுக் கடலில் இருக்கிறதா ஆங்கிலேயக் கடலில் இருக்கிறதா என்பதே அந்த இரவு முழுவதும் கேள்வியாக இருந்திருக்கிறது. பின்னர் நடக்கும் விசாரணையில் அவள் தன் தரப்பைச் சொல்கிறாள், குற்ற உணர்ச்சியை மட்டும் காட்ட மறுக்கிறாள்.

நாகப்பட்டினத்திலிருந்து பேருந்தில் வரும் சந்தாதாரர் ஒருவர் முன்பு விசைப்படகுத் தொழிலில் இருந்தவர். ஆங்கிலத்தில் மெதுவாக வாசிப்பவர் என்பதால் அந்த நூலை இரண்டு சுற்று வைத்திருந்தார். கோடியக்கரைக்குக் கிழக்கே கடல் எல்லை எங்கே போகிறது என்பதை அவர் மேசையிலிருந்த செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் வரைந்து காட்டினார். இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் தாளில் கோடு போட்டுவிட்டன என்றும், காற்றும் நீரோட்டமும் படகைத் தள்ளும்போது அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை என்றும் சொல்லிவிட்டு, "முங்கிக்கிட்டு இருக்கறவன் கூப்புடுறான், நீ எந்தப் பக்கம்னு கேக்கறாங்க. இது எங்களுக்குப் புதுசு இல்லீங்க" என்றார். அறை முழுவதும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்போதுதான், பல ஆண்டுகள் தொலைபேசி இணைப்பகத்தில் இரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா பேசத் தொடங்கினார். டிரங்க் கால் காலத்தில், மறுமுனையில் அழுகிறவர்களின் குரலை உள்ளே விடாமல் வேலை செய்யக் கற்றுக்கொள்ளாதவர் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்றும், அந்தக் கதைசொல்லியின் குரலில் இருக்கும் குளிர்ச்சியைக் கொடுமை என்று படிப்பது வேலை தெரியாதவர்களின் படிப்பு என்றும் அவர் சொன்னார். "தம்பி, அன்னைக்கு ராத்திரி அவளுக்கு அந்த ஒரு படகு மட்டும் இல்ல" என்று அவர் சொன்னபோது, "சரிங்கம்மா, ஆனா படகுல இருந்தவனுக்கு அவ ஒருத்திதானே இருந்தா" என்று பதில் வந்தது.

இதற்கு மேல் அந்த நாவலைப் பற்றி விமரிசகர் எவரும் புதிதாக எதையும் சொல்லிவிட முடியாது என்றே நினைக்கிறேன். ஆசிரியர் நாவலைக் கட்டியிருப்பதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான்: முதற்பகுதி விசாரணை, நடுப்பகுதி படகில் இருந்தவர்களின் இரவு, அதற்குப் பின் மீண்டும் அவள். சுவரில் ஒட்டிய வரிசையில் 'ஸ்மால் போட்' முதலிடம் பெற்றது. நடுவர்களும் அதைக் குறும்பட்டியலில் சேர்த்தார்கள். பரிசு அதற்கு வரவில்லை.

ஆங்கிலம் வாசிக்காதவர்களுக்கு இங்கே பாதிக் கட்டணத்தில் ஒரு வழி இருக்கிறது: அமர்வுக்கு வந்து, கதையைத் தமிழில் கேட்கலாம். ஒவ்வொரு நூலுக்கும் பொறுப்பேற்கும் சந்தாதாரர் முதல் அரைமணி நேரம் கதையை முழுமையாக, முடிவை மறைக்காமல், சொல்லியாக வேண்டும். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு உவப்பாக இல்லை. சுருக்கம் கேட்டுவிட்டு விவாதிப்பது வாசிப்பாகுமா என்று தோன்றியது. டேனிஷ் எழுத்தாளர் சோல்வேய் பல்லேயின் 'ஆன் த கால்குலேஷன் ஆஃப் வால்யூம்' முதற்பாகம் பற்றிய அமர்வு அந்த ஐயத்தைப் பெருமளவு போக்கியது. பழம்புத்தக வணிகம் செய்யும் தாரா என்ற பெண் நவம்பர் 18ஆம் நாளுக்குள் சிக்கிக்கொள்கிறாள். மறுநாள் விடியும்போதும் அதே நவம்பர் 18தான். கதை சொல்லப்பட்டு முடிந்ததும், பாபநாசம் பக்கத்திலிருந்து வரும் விவசாயி ஒருவர், "அந்தப் பொண்ணு இன்னைக்கு எடுத்துச் சாப்பிட்டது மறுநாள் கடையில திரும்ப இருக்குமா?" என்று கேட்டார். நாவலின் நடு நரம்பே அந்தக் கேள்விதான். மற்றவை எல்லாம் பழையபடி திரும்பினாலும் அவள் உண்டது திரும்புவதில்லை. கடைகளின் தட்டுகள் மெல்லக் காலியாகின்றன. தன் இருப்பே ஊரைத் தின்கிறது என்று அவள் அஞ்சத் தொடங்குகிறாள். நூலை வாசித்திருந்தவர்களில் பலர் அதைக் கவனிக்காமல் காலத்தைப் பற்றிய தத்துவத்தில் மூழ்கியிருந்தார்கள். விதைநெல்லுக்கும் சாப்பாட்டு நெல்லுக்கும் கணக்கு வைத்திருப்பவருக்கு அந்த இடம் கேட்ட மாத்திரத்தில் பிடிபட்டது.

எல்லா நூல்களுக்கும் இப்படி அமைந்துவிடவில்லை. பெர்லினில் வாழும் வெளிநாட்டு இளம் தம்பதியர் பற்றிய இத்தாலிய நாவலான 'பெர்ஃபெக்ஷன்' அமர்வில், வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் தங்களைப் பற்றியே எழுதியிருப்பதாக நெகிழ்ந்தார்கள், மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். 'சொலனாய்ட்' அமர்வு நடந்ததாகவே சொல்ல முடியாது. ஒரே ஒரு பிரதி, பத்து நாள் கெடு, அறுநூறு சொச்சம் பக்கம் என்றால் எத்தனை பேர் வாசித்திருக்க முடியும்?

பிரதித் தட்டுப்பாடுதான் இந்தச் சேவையின் முதற்குறை. அதற்குக் காரணம் முழுவதும் நூலகத்தின் சிக்கனம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பரிசின் பட்டியல்களில் பிரிட்டனின் சிறிய, சுயேச்சையான பதிப்பகங்களின் நூல்களே மிகுதி. 2025 குறும்பட்டியலின் ஆறு நூல்களுமே சுயேச்சையான பதிப்பகங்களுடையவை. அவற்றின் காகிதப் பிரதிகள் உடனுக்குடன் இந்தியாவுக்கு வருவதில்லை. வரவழைத்தால் விலையோடு அஞ்சல் செலவும் சேர்கிறது. இதற்காக நூலகம் இரண்டு கிண்டில் கருவிகளையும் சுற்றுக்கு விடுகிறது. ஆனால் கருவிக்கு அட்டை போடவோ தாள் ஒட்டவோ முடியாது என்பதால், அந்த நூல்களுக்கு மட்டும் பக்கக் குறிப்பு முறை அறுந்துபோகிறது. ஒரு தனி நோட்டு வைத்தால் தீர்ந்துவிடும்; சொல்லியும் செய்யவில்லை. மன்னார்குடி, மயிலாடுதுறை சந்தாதாரர்களுக்கு நூல்கள் போய்ச்சேர வேண்டிய பார்சல் ஏற்பாடும் நம்பும்படியாக இல்லை. ஒருமுறை எனக்கு வரவேண்டிய நூல் அமர்வுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. அதற்கான கெடுவையும் வந்த நாளிலிருந்து கணக்கிடாமல் அனுப்பிய நாளிலிருந்தே கணக்கிட்டார்கள்.

இரண்டாவது குறை பெரிது. நூலகம் மாடியில் இருக்கிறது, படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. 'ஹன்ச்பேக்' நாவலின் ஆசிரியர் பிறவியிலேயே தசைநோய் உள்ளவர். 2023இல் ஜப்பானின் அக்குதாகவா பரிசைப் பெற்றவர். அவருடைய கதைநாயகிக்கும் அதே போன்ற உடல்நிலை. காகிதப் புத்தகத்தை வாசிப்பதற்குக் கண்பார்வை வேண்டும், நூலைக் கையில் பிடிக்க முடிய வேண்டும், பக்கம் புரட்ட முடிய வேண்டும், வாசிக்கும் நிலையில் உடலை நிறுத்த முடிய வேண்டும், கடைக்குப் போய் வாங்க முடிய வேண்டும் என்று பட்டியலிட்டு, இவை எல்லாருக்கும் இயலும் என்று நினைக்கும் புத்தகப் பிரியர்களின் அகந்தையை அவள் வெறுக்கிறாள். இந்தப் பத்தியை வாய்விட்டு வாசித்து, ஆகா என்று தலையாட்டி, காகிதப் புத்தகத்தின் மணத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், முழங்கால் வலியால் படியேற முடியாத சந்தாதாரர் ஒருவர் கீழே, மூடியிருந்த கடையொன்றின் திண்ணையில் உட்கார்ந்து, கைப்பேசி வழியாக அமர்வைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேறொருவர் சொன்ன பிறகுதான் மேலே இருந்தவர்களுக்கு உறைத்தது. அடுத்த அமர்வு கீழேயுள்ள ஒரு வீட்டுக் கூடத்தில் நடந்தது. அதற்கடுத்தது மறுபடியும் மாடிக்கே போய்விட்டது. கூடம் எப்போதும் கிடைக்காது என்பது காரணம். எனக்கு அது போதுமான காரணமாகப் படவில்லை. அமர்வுகளையாவது நிரந்தரமாகக் கீழே கொண்டுவராமல் இந்தச் சேவையை எல்லாருக்கும் பரிந்துரைக்க முடியாது. சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழே இரண்டு மணி நேரம் உட்கார்வது படியேறக்கூடியவர்களுக்குமே சுகமானதல்ல.

மதிப்பெண் முறையில் எனக்கு ஓர் ஐயமும் உண்டு. 2016 முதல் இந்தப் பரிசு மொழிபெயர்க்கப்பட்ட தனி நூல் ஒன்றுக்கு வழங்கப்படுகிறது. பரிசுத்தொகையான 50,000 பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் போகிறது. அதைப் பின்பற்றி இங்கேயும் வாக்குத்தாளில் இரண்டு கட்டங்கள் வைத்திருக்கிறார்கள். டேனிஷும் ருமேனியமும் அறியாதவர்கள் அந்த மொழிபெயர்ப்பாளர்களுக்கு எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்கள் என்பது தெளிவில்லை. ஆங்கிலம் வழுவழுப்பாக இருந்தால் அதிகம், முரண்டினால் குறைவு என்பதாகவே முடிகிறது. அந்தக் கட்டம் ஒரே ஒரு நூலுக்குப் பொருள்பட்டது. பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லேம்ப்' தொகுப்பு வந்தபோது, கன்னடத்தை வீட்டுமொழியாகக் கொண்ட ஒரு சந்தாதாரர், தீபா பாஸ்தியின் ஆங்கிலம் அடிக்குறிப்புகளையும் சாய்வெழுத்துகளையும் தவிர்த்துவிட்டு வாசகரைக் கர்நாடகத்து வீட்டுக்குள் நேராக அழைத்துச் செல்வதை எடுத்துக்காட்டுகளோடு விளக்கினார். கூத்தாநல்லூரிலிருந்து வரும் ஓர் அக்கா அந்தக் கதைகளில் வரும் முத்தவல்லிகளையும் (பள்ளிவாசல் நிர்வாகிகள்) மகப்பேற்று அறைகளையும் தனக்குத் தெரிந்த மனிதர்களாகவும் இடங்களாகவுமே பேசினார். பன்னிரண்டு கதைகளும் ஒரே உயரத்தில் இல்லை என்றும், சில கதைகள் தங்கள் முடிவை முதல் பக்கத்திலேயே காட்டிவிடுகின்றன என்றும் சொன்னவரும் அவரேதான். சுவர் வரிசையில் அந்நூலுக்கு மூன்றாம் இடம்.

மே 20ஆம் நாள் லண்டனில் பரிசு அதற்கே அறிவிக்கப்பட்டது. கன்னடத்துக்கு முதல் முறை, சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கும் முதல் முறை. பக்கத்து மாநிலத்து மொழி வென்றுவிட்டது என்ற மகிழ்ச்சி அடுத்த அமர்வில் நிறைந்திருந்தது, இனிப்பும் வழங்கப்பட்டது. சுவரில் இருந்த தாளைத் திருத்திவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு நடத்துபவர் இசையவில்லை. மூன்று என்று எழுதியது மூன்றாகவே இருந்தது. இந்த நூலகத்தின் மீது எனக்கு மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான்.

முந்தைய ஒரு பருவத்தில் இந்த உறுதி இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 2023இன் நெடும்பட்டியலில் பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பில் 'பயர்' (Pyre) என்ற பெயரோடு, முதல் தமிழ் நாவலாக இடம்பெற்றது. 2013இலேயே தமிழில் வெளிவந்துவிட்ட நாவல் என்பதால், அந்த ஆண்டு எல்லாரும் வாசித்திருந்த ஒரே நூலும் அதுதான். மற்றப் பன்னிரண்டையும் யாரும் சீந்தவில்லை. அமர்வு பாராட்டு விழாவாக மாறியது. நாவலின் இறுதிப் பகுதி பற்றி ஒருவர் கிளப்பிய நியாயமான மறுப்பை, நம் ஊர்ப் பெருமையைக் கெடுக்கிறார் என்பதுபோல் அடக்கிவிட்டார்கள். குறும்பட்டியலில் அந்நூல் இடம்பெறாதபோது நடுவர்கள் மீது கோபப்பட்டவர்களுக்கு, பல்கேரிய மொழியிலிருந்து வந்து அந்த ஆண்டு பரிசு பெற்ற 'டைம் ஷெல்டர்' எதைப் பற்றியது என்றே தெரியாது. வாக்குரிமைக்குப் பாதிப் பட்டியலையாவது வாசித்திருக்க வேண்டும் என்ற விதி அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்தது என்று சொன்னார்கள், நல்ல விதி.

இன்னொரு விதி எழுதப்படாதது. 'மணிக்கொடி' இலக்கிய இதழின் எழுத்தாளர்கள் நடந்த தெருக்கள் இருக்கும் ஊர் என்பதால், எந்த நாட்டு நாவலைப் பேசினாலும் பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "இதையெல்லாம் நம்ம ஊர்க்காரங்க அப்பவே எழுதிட்டாங்க சார்" என்று தொடங்கிவிடுவார். அப்படிச் சொல்பவர் அன்று எல்லாருக்கும் காபி வாங்கித் தர வேண்டும். பருவம் முழுவதும் காபிக்குக் குறைவே இருக்கவில்லை.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், ஆங்கிலத்தில் மாதம் இரண்டு நாவலாவது வாசிக்கக்கூடியவர்களுக்கும், வாசிக்காவிட்டாலும் கதை கேட்டுக் கேள்வி கேட்கத் தயங்காதவர்களுக்கும் இது கொடுத்த பணத்துக்குக் குறைவில்லாத சேவை. வெளியூர்ச் சந்தாதாரர்கள் பார்சலை நம்பாமல் ஞாயிறு அமர்வுக்கு வரும்போதே நூலை மாற்றிக்கொள்வது நல்லது. தடித்த நூல் வேண்டுமென்றால் முதல் வாரத்திலேயே பெயரைப் பதிந்துவிட வேண்டும். பின்னால் கேட்டால் கிடைக்காது. சந்தாவைக் கொஞ்சம் கூட்டினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பிரதியாவது வாங்கட்டும் என்று சந்தாதாரர்கள் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறோம். சேர்க்கை பொங்கல் கழிந்து தொடங்குகிறது. நெடும்பட்டியல் வெளியான பிறகு யாரையும் சேர்ப்பதில்லை.